ஆய்வு எண் 329: ஒரே தரவு, இரண்டு முடிவுகள் – வளரிளம் பருவ மனச்சோர்வு மருந்துப் பரிசோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பராக்செட்டின் என்ற மருந்து பலன் தருகிறது, உடலும் பொதுவாக அதை நன்றாகவே தாங்குகிறது என்று 2001-இல் ஒரு கட்டுரை முடிவு சொன்னது. வெளியிட்டது அமெரிக்கக் குழந்தை, வளரிளம் பருவ மனநல மருத்துவ அகாடமியின் ஆய்விதழ். 2015 செப்டம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த மறு ஆய்வுக் கட்டுரை நேர்மாறாகச் சொன்னது: பராக்செட்டினும் பலன் தரவில்லை, கூடவே சோதிக்கப்பட்ட பழைய மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினும் பலன் தரவில்லை, இரண்டாலும் தீங்கு கூடியது. இரண்டு கட்டுரைகளுக்கும் அடிப்படை ஒரே பரிசோதனைதான். அதே 275 பேர், அதே படிவங்கள். இடையில் புதிதாக ஒருவர்கூடச் சேரவில்லை.

இப்படி முடிவு தலைகீழாக, எந்த எண்ணையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. நோயாளியின் வாய்ச்சொல் படிவத்தில் ஏறி, படிவம் குறியீடாகி, குறியீடு அட்டவணையாகி, அட்டவணை சுருக்கவுரையாகும் வழியில் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வுகளே போதுமானதாக இருந்தன. மனநல மருந்து ஆய்வில் வேலை செய்பவர்கள், அந்தக் கட்டுரைகளை நம்பி மருந்துச்சீட்டு எழுதுபவர்கள் இரு தரப்புமே இந்த வழியைப் படிப்படியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மிக விரிவாக ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறோம்.

பரிசோதனையின் அமைப்பு

நடத்திய நிறுவனம் ஸ்மித்கிளைன் பீச்சம். 2000-இல் கிளாக்ஸோ வெல்கம்முடன் இணைந்து கிளாக்ஸோஸ்மித்கிளைன் ஆனது. அமெரிக்காவில் பத்தும் கனடாவில் இரண்டுமாக 12 மையங்கள். 1994-இல் ஆள் சேர்ப்பு தொடங்கியது. வயது 12 முதல் 18 வரை. குறைந்தது 8 வாரமாகத் தீவிர மனச்சோர்வு இருக்க வேண்டும். புள்ளி கூடக்கூடச் சோர்வும் கூடுதல் என்று காட்டும் ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலில் 12 புள்ளியாவது இருக்க வேண்டும். இருமுனைக் கோளாறு, உணவுக் கோளாறு, போதைப் பழக்கம், ஆட்டிசம் உள்ளவர்கள் விலக்கப்பட்டார்கள். திட்டவட்டமான தற்கொலை எண்ணம் கொண்டவர்களும், முன்பு மருந்தை அளவுமீறி உட்கொண்டு உயிரை மாய்க்க முயன்றவர்களும் சேர்க்கப்படவில்லை. இந்தக் கடைசி விலக்கு முக்கியம். பின்னால் வரும் தற்கொலை தொடர்பான நிகழ்வுகள், அந்த ஆபத்து வெளிப்படையாக இருந்தவர்களை வடிகட்டிய பிறகு எஞ்சிய கூட்டத்தில் நடந்தவை.

குலுக்கல் முறையில் 93 பேருக்குப் பராக்செட்டின், 95 பேருக்கு இமிப்ரமின், 87 பேருக்குப் பிளசீபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முதல் கட்டம் 8 வாரம். அதில் பலன் கண்டவர்களுக்கு மேலும் 6 மாதத் தொடர்கட்டம். மருந்தளவு ஆறு படிகளாக அமைக்கப்பட்டிருந்தது. பராக்செட்டினில் முதல் நான்கு படியும் 20 மி.கி., ஐந்தாவது 30, ஆறாவது 40. இமிப்ரமினில் 50-இல் தொடங்கிப் படிக்கு 50 கூடி 300 மி.கி. வரை. பலன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லோரும் நான்கு வாரத்துக்குள் நான்காம் படிக்குப் போயாக வேண்டும் என்பது விதி. அதாவது இமிப்ரமின் குழுவில் சேர்ந்த ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு மாதத்துக்குள் 200 மி.கி.யைத் தொடும். பராக்செட்டின் குழுவிலோ நான்கு படியும் ஒரே அளவு.

இது ஒப்பீட்டையே சாய்த்துவிடும் அமைப்பு. இமிப்ரமின் குழுவில் சுமார் 31 சதவீதம் பேர் பக்கவிளைவால் விலகினார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு இதயம் சார்ந்த தொல்லை. பராக்செட்டினில் அப்படி விலகியவர்கள் 9.7 சதவீதம், பிளசீபோவில் 6.9 சதவீதம். பக்கத்தில் நிற்கும் மருந்து இவ்வளவு கடுமையாக இருந்தால் சோதிக்கப்படும் மருந்து மென்மையானதாகத் தோன்றும். ஒரு மருந்து தாங்கக்கூடியதா என்று பார்க்கப் பிளசீபோவோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது குழு கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடும்.

எட்டு அளவுகள் இருபத்தேழு ஆன விதம்

பரிசோதனைக்கு முன்பே எழுதிவைக்கும் திட்டமான புரோட்டோகாலில் முதன்மை அளவுகள் இரண்டு. ஒன்று, ஹாமில்டன் மொத்தப் புள்ளி தொடக்கத்திலிருந்து எவ்வளவு குறைந்தது. இரண்டு, எத்தனை சதவீதம் பேர் ‘பலன் கண்டவர்கள்’: அதாவது புள்ளி 8 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்கள், அல்லது தொடக்கப் புள்ளியில் பாதியாவது குறைந்தவர்கள். இவற்றோடு ஆறு துணை அளவுகள். ஆக எட்டு. மருந்துக்கும் பிளசீபோவுக்கும் 4 புள்ளி வேறுபாடு இருந்தால் அது மருத்துவரீதியில் பொருளுள்ளது என்று கணக்கிட்டுத்தான் எத்தனை பேரைச் சேர்ப்பது என்றே முடிவு செய்திருந்தார்கள்.

மறு ஆய்வின்படி ஹாமில்டன் புள்ளி பராக்செட்டினில் சராசரி 10.7 குறைந்தது, இமிப்ரமினில் 9.0, பிளசீபோவில் 9.1. பராக்செட்டினுக்கும் பிளசீபோவுக்கும் உள்ள இடைவெளி 1.6. எதிர்பார்த்த நான்கில் பாதிகூட இல்லை. பி மதிப்பு, அதாவது மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.20; அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் பொருட்படுத்துவது வழக்கம். எட்டு அளவுகளில் ஒன்றிலும் மருந்து பிளசீபோவை மிஞ்சவில்லை.

அங்கேயே நின்றிருந்தால் ‘பலன் இல்லை’ என்று ஒரு நேர்மையான கட்டுரை வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் அதுவே பெரிய தொண்டு. ஆனால் அதற்கு மேல் குறைந்தது 19 அளவுகள் சோதிக்கப்பட்டன என்பதை ஜுரெய்டினி, மெக்ஹென்றி, மேன்ஸ்ஃபீல்ட் ஆகிய ஆய்வாளர்கள் நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டு 2008-இல் காட்டினார்கள். 27 அளவுகளில் நான்கில் மட்டும் மருந்து வென்றது. கட்டுரையின் சுருக்கவுரையில் முன்னுக்கு வந்து நின்றவை அந்த நான்குதான். அவற்றில் ஒன்றுகூடப் புரோட்டோகாலில் முன்கூட்டியே அந்த வடிவில் குறிக்கப்பட்டதல்ல.

இருபத்தேழு தனித்தனிச் சோதனைகளைச் செய்து, மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஏதாவது ஒன்றில் தற்செயலாக 0.05-க்குக் கீழே பி மதிப்பு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 75 சதவீதம். எட்டுச் சோதனை என்றால் 34 சதவீதம். மனச்சோர்வு அளவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதே பின்னலால், தற்செயலாக ஒன்று கிடைத்தால் அதன் சாயலில் இன்னும் இரண்டு மூன்று சேர்ந்தே கிடைக்கும். நான்கு வெற்றிகள் என்றால் நான்கு தனிச் சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்த நான்கில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதன்மை அளவான ‘பலன் கண்டவர்’ என்பதற்கு ஒன்று அல்லது மற்றொன்று என இரண்டு வாசல்கள் இருந்தன: 8-க்குள் இறங்குவது, அல்லது பாதியாகக் குறைவது. இரண்டையும் சேர்த்தால் பராக்செட்டினில் 66.7 சதவீதம், பிளசீபோவில் 55.2. வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. கட்டுரையில் முதல் வாசலை மட்டும் தனியே பிரித்து ‘8-க்குள் இறங்கியவர்கள்’ என்று இன்னொரு அளவாக்கினார்கள். இப்போது 63.3-க்கு எதிராக 46.0. எல்லை தாண்டிவிட்டது.

சதவீதத்தைத் தலைகளாக மாற்றினால் நடந்தது தெளிவாகும். பகுப்பாய்வில் சேர்ந்த பராக்செட்டின் குழுவினர் 90 பேர். அவர்களில் 60 பேர் பலன் கண்டவர்கள்; புது வரையறையில் 57. மூன்று பேர் வெளியே. பிளசீபோவில் 87 பேரில் 48. புது வரையறையில் 40. எட்டுப் பேர் வெளியே. பாதிக்கு மேல் குணம் கண்டும் 8-க்கு மேலே நின்றுவிட்ட அந்த எட்டுப் பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்ததால்தான் மருந்து ஜெயித்தது. வரையறையைத் தரவு வந்த பிறகு தொட்டால் எவ்வளவு சிறிய அசைவு போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது.

புள்ளியியலில் இன்னொரு மீறலும் நடந்தது. மூன்று குழு இருக்கும்போது முதலில் மூன்றையும் சேர்த்து ஏதாவது வேறுபாடு உண்டா என்று ஒரே சோதனையில் பார்க்க வேண்டும் என்பதே புரோட்டோகாலின் வழி. கட்டுரை அதைத் தாண்டி நேரே இரண்டிரண்டாக ஒப்பிட்டது. பராக்செட்டினை இமிப்ரமினோடு ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை.

விலகியவர்கள் பற்றியும் ஒரு சொல். 275 பேரில் 190 பேர்தான் எட்டு வாரத்தை முடித்தார்கள். மற்ற 85 பேரின் கடைசிப் புள்ளியை எட்டாம் வாரப் புள்ளியாக நகர்த்தி வைப்பது அன்றைய வழக்கம். மூன்றாம் வாரத்தில் பக்கவிளைவால் ஓடிப்போனவர் அந்த வாரத்துச் சோர்வோடேயே உறைந்து நிற்பார். மறு ஆய்வாளர்கள் இந்த முறையோடு, வந்தவர்களை மட்டும் கணக்கிடும் முறை, விடுபட்ட மதிப்புகளைப் பலமுறை மதிப்பிட்டு நிரப்பும் முறை என எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். எதிலும் முடிவு மாறவில்லை.

தீங்கு மறைந்த வழி

பலன் பற்றிய திரிபு ஏமாற்றம் தருவது. தீங்கு பற்றிய திரிபு உயிரோடு விளையாடுவது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2001 கட்டுரையிலேயே தடயம் இருந்தது. பராக்செட்டின் குழுவில் 11 பேருக்குக் கடுமையான பாதக நிகழ்வு. இமிப்ரமினில் 5, பிளசீபோவில் 2. அந்தப் பதினொன்றில் ஒருவருக்கு மருந்தைக் குறைக்கும்போது தலைவலி. மற்றப் பத்தும் மனநிலை சார்ந்தவை: மனச்சோர்வு முற்றியது இரண்டு, ‘உணர்ச்சித் தளம்பல்’ ஐந்து, நடத்தைச் சிக்கல் அல்லது பகைமை இரண்டு, மிகை மகிழ்ச்சி நிலை ஒன்று. ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் பதினொன்றில் அந்தத் தலைவலி ஒன்றுதான் மருந்தால் வந்தது என்று கவனித்த மருத்துவர் கருதியதாகக் கட்டுரை சொல்லியது.

கணக்குப் போட்டால் 93-இல் 11 என்பது 11.8 சதவீதம், 87-இல் 2 என்பது 2.3. ஏறக்குறைய ஒவ்வொரு பத்துப் பதினொரு பேருக்கும் ஒருவர் கூடுதலாகக் கடுமையான தொல்லைக்கு ஆளானார்கள் என்று பொருள். அட்டவணையிலேயே இருந்த இந்த எண்ணைத் தாண்டி ‘பொதுவாக நன்றாகத் தாங்குகிறது’ என்ற முடிவுக்குப் போக முடிந்தது எப்படி என்றால், காரணம் மருந்துதானா என்று தனித்தனி ஆளாகத் தீர்ப்புச் சொன்னதால். பிளசீபோவோடு ஒப்பிடுவதற்காகத்தானே குலுக்கிப் பிரிக்கிறோம்? பிறகு ஒவ்வொரு நிகழ்வையும் ‘வீட்டுப் பிரச்சினையால் வந்தது’, ‘நோயால் வந்தது’ என்று தள்ளிவைத்தால் குலுக்கலே வீண்.

அடுத்தது குறியீடு. நோயாளி சொன்னதை மருத்துவர் எழுதுவார். எழுதியதை நிறுவனத்தில் ஒருவர் அகராதியில் உள்ள ஒரு சொல்லுக்கு மாற்றுவார். 329-இல் பயன்பட்ட அகராதி அடெக்ஸ் எனப்படுவது. தற்கொலை எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதும் அதில் ‘உணர்ச்சித் தளம்பல்’ என்ற சொல்லுக்குள் போயின. அந்தச் சொல்லைப் படிக்கும் மருத்துவருக்கு, சட்டென்று அழும், சட்டென்று சிரிக்கும் ஒரு பிள்ளை நினைவுக்கு வரும். உயிரை மாய்க்க முயன்ற பிள்ளை நினைவுக்கு வராது.

அதே அகராதி தலைவலி, தலைசுற்றல் போன்றவற்றையும் மனநிலை நிகழ்வுகளையும் ‘நரம்பு மண்டலம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்திருந்தது. தலைவலி எந்தக் குழுவிலும், பிளசீபோவிலும்கூட, நிறைய வரும். பொதுவான தொல்லையோடு அரிதான ஆபத்தைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாக்கினால் அரிதானது கண்ணில் படாது. மறு ஆய்வாளர்கள் இப்போது எல்லோரும் பயன்படுத்தும் மெட்ட்ரா அகராதிக்கு மாற்றினார்கள். தலைவலி நரம்பியல் பக்கம் போனது, மனநிலை நிகழ்வுகள் தனியே நின்றன, குழுக்களுக்கு நடுவே இருந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது.

இவற்றுக்கு முந்தைய படியிலும் கசிவு இருந்தது. நோயாளிப் பதிவுப் படிவத்தில் கையால் எழுதப்பட்ட சில நிகழ்வுகள் கணினித் தரவுத்தளத்துக்கே வந்து சேரவில்லை. பிந்தைய படியிலும் இருந்தது: எந்தக் குழுவிலாவது குறைந்தது 5 சதவீதம் பேருக்கு வந்த நிகழ்வை மட்டும் அட்டவணையில் போடுவது என்ற வழக்கம், அரிதும் கடுமையும் ஆனவற்றை வடிகட்டிவிடும். ஒரே மாதிரி நிகழ்வை ஒருவருக்கு ஒரு சொல்லிலும் மற்றவருக்கு வேறு சொல்லிலும் குறித்தால் இரண்டும் தனித்தனியே சிறுத்து இந்த வடிகட்டிக்குள் விழும். லேசானதா, நடுத்தரமா, தீவிரமா என்ற பிரிவைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் தந்தால், வாய் உலர்வதும் மருத்துவமனையில் சேர்வதும் சம எடையாகிவிடும்.

மருந்தைக் குறைத்து நிறுத்தும் காலம் இன்னொரு இருட்டு மூலை. எட்டு வாரத்தோடு பரிசோதனை முடிந்தது என்று கோடு போட்டுவிட்டால் அதற்கப்புறம் நடப்பது யார் கணக்கிலும் வராது. பராக்செட்டினுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். உடலில் அதன் அரை ஆயுள், அதாவது மட்டம் பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய 21 மணி நேரம். சிதையும்போது, மருந்துபோலவே செயல்படும் துணைப்பொருள் எதையும் விட்டுச்செல்வதில்லை. தன்னைச் சிதைக்கும் நொதியையே தடுத்து வைத்திருப்பதால், அளவைக் குறைக்கும்போது இரத்தத்தில் உள்ள மட்டம் குறைத்த விகிதத்தைவிட வேகமாக விழும். அந்த நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம், மனம் கலங்குதல் எல்லாம் வரலாம். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தான ஃப்ளுவாக்செட்டின் இதற்கு எதிர்நிலை: அதன் துணைப்பொருள் வாரக்கணக்கில் உடலில் தங்கி, தானே மெதுவாக இறங்கும்.

மறு ஆய்வில், நிறுத்தும் காலத்தையும் சேர்த்து, படிவங்களையே நேரடியாகப் படித்துக் கணக்கிட்டபோது பராக்செட்டின் குழுவில் தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்தலோ காணப்பட்டவர்கள் 11 பேர். முதல் கட்டுரையின் கடும் நிகழ்வுப் பட்டியலில் அந்த வகைக்குள் வந்தவர்கள் 5. பிளசீபோ குழுவில் ஓரிருவருக்கு மேல் இல்லை. யாரும் இறக்கவில்லை.

ஏன் ஒரு மனச்சோர்வு மருந்து இப்படிச் செய்யும் என்ற கேள்விக்கு மருத்துவர்கள் அதிகம் சுட்டுவது, தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் வரக்கூடிய இருப்புக்கொள்ளாத தவிப்பை. உட்கார முடியாது, நிற்க முடியாது, உள்ளுக்குள் எதுவோ பிறாண்டுவதுபோல் இருக்கும். பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் எரிந்து விழும். ‘பகைமை’ என்று குறிக்கப்பட்ட நிகழ்வுகளையும் கூடவே படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆவணங்கள் வெளியே வந்தது

1998 அக்டோபர் தேதியிட்ட நிறுவன உள்குறிப்பு ஒன்று 2004-இல் கனடிய மருத்துவ இதழ் மூலம் வெளியானது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்ற வாசகத்தை மருந்தின் விவரத்தாளில் சேர்ப்பது வணிகரீதியில் ஏற்கத்தக்கதல்ல என்பது அதன் சாரம். 329-ஐயும், அதேபோல் பலன் காட்டாத 377 என்ற இன்னொரு பரிசோதனையையும் எப்படி வெளியிடுவது என்று ஆலோசிக்கும் குறிப்பு அது. கட்டுரை வெளிவருவதற்கு மூன்று ஆண்டு முன்பே முடிவின் உண்மை நிலை உள்ளே தெரிந்திருந்தது. 2002-இல் மட்டும் அமெரிக்காவில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட பராக்செட்டின் சீட்டுகள் எழுதப்பட்டதாக நியூயார்க் மாநில அரசு தன் வழக்கில் குறிப்பிட்டது.

2003 ஜூனில் பிரிட்டன், 18 வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு இதைத் தரக் கூடாது என்றது. 2004-இல் நியூயார்க் வழக்கு 25 லட்சம் டாலரில் முடிந்தது. பரிசோதனை முடிவுகளைப் பொதுவில் வைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2012-இல் அமெரிக்க அரசுடன் 300 கோடி டாலர் உடன்பாடு. அதில் அடங்கிய குற்றங்களில் ஒன்று, அனுமதியில்லாத வயதினருக்குப் பராக்செட்டினை விளம்பரப்படுத்தியது.

2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் செய்த வேலை, முறையியல் நோக்கில் இவை எல்லாவற்றையும்விடப் படிக்கத்தக்கது. பல மருந்துகளின் 24 பரிசோதனைகள், 4,400-க்கு மேற்பட்ட பிள்ளைகள். நிறுவனங்கள் தந்த குறியீடுகளை அப்படியே எண்ணாமல், ஒவ்வொரு நிகழ்வின் விவரணையையும் எடுத்து, எந்த மருந்து என்பதை மறைத்து, கொலம்பியா பல்கலைக்கழக நிபுணர்களிடம் கொடுத்து மறுபடி வகைப்படுத்தச் சொன்னார்கள். தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்துக் குழுவில் ஏறக்குறைய 4 சதவீதம், பிளசீபோவில் 2 சதவீதம். இறப்பு இல்லை. 2004 அக்டோபரில், மருந்தின் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை வந்தது. 2007-இல் 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு மனச்சோர்வு மருந்தே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கைகழுவினால் அதுவும் தவறு. அமெரிக்க அரசு நிதியில் நடந்து 2004-இல் முடிவு வெளியான டாட்ஸ் பரிசோதனையில் 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 439 பேர் 12 வாரம் சிகிச்சை பெற்றார்கள். ஃப்ளுவாக்செட்டினோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்தவர்களில் 71 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். ஃப்ளுவாக்செட்டின் மட்டும் என்றால் 60.6, அந்தப் பேச்சுச் சிகிச்சை மட்டும் என்றால் 43.2, பிளசீபோவில் 34.8. மருத்துவமே பெறாத மனச்சோர்வும் உயிரைப் பறிக்கும் என்பதை எந்தப் புள்ளியியலும் மாற்றாது. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சிகிச்சை அறையில் இதன் விளைவு நேரடியானது. மருந்து தொடங்கிய முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை, அடுத்த நான்கு வாரம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 12-ஆம் வாரம் பார்க்க வேண்டும் என்று 2004 எச்சரிக்கை பரிந்துரைத்தது. அந்தக் கால அட்டவணை பின்னர் விவரத்தாளிலிருந்து எடுக்கப்பட்டாலும் பின்பற்றத் தகுந்தது என்பதே எங்கள் கருத்து. ஒவ்வொரு முறையும் ‘எப்படி இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும். உட்கார முடிகிறதா, இரவில் தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா, வந்தால் எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெற்றோரிடமும் தனியே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் கவனிப்பை முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மருந்தைத் திடீரென்று பெற்றோரே நிறுத்திவிடாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

பரிசோதனைப் படிவம் நிரப்புபவர்களுக்கும் இதே பாடம் வேறு வடிவில் உண்டு. நோயாளி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அகராதிச் சொல் அதற்குப் பக்கத்தில் வரட்டும், அதன் இடத்தில் அல்ல. நிகழ்வு எந்தத் தேதி, அப்போது என்ன அளவு, கடைசியாக அளவு மாறி எத்தனை நாள், உடன் வேறு மருந்து என்ன என்பதையும் அதே வரியில் குறியுங்கள். மருந்தால் வந்ததா இல்லையா என்ற உங்கள் கருத்தை எழுதும் கட்டம் இருந்தால் நிரப்புங்கள். ஆனால் அந்தக் கருத்தை வைத்து நிகழ்வை விட்டுவிடாதீர்கள். மருந்து நின்ற பிறகும் குறைந்தது 30 நாள் பதிவைத் தொடருங்கள்.

மறு ஆய்வு நடந்த விதம்

கைவிடப்பட்ட அல்லது தவறாக வெளியான பரிசோதனைகளை மூலத் தரவிலிருந்து மீட்டு எழுதும் ரியாட் என்ற முயற்சி 2013-இல் பி.எம்.ஜே. இதழில் முன்மொழியப்பட்டது. 329-ஐ எடுத்துக்கொண்ட ஏழு பேர் கொண்ட குழு, புரோட்டோகாலில் எழுதப்பட்டிருந்த அளவுகளையும் பகுப்பாய்வு முறையையும் அப்படியே கடைப்பிடித்தது. புதிதாக எதையும் தேடவில்லை.

வேலை எளிதாக இருக்கவில்லை. ஏறக்குறைய 77,000 பக்கப் படிவங்கள் நிறுவனத்தின் கணினியில் இருந்தன. ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து ஒரு திரை வழியாக மட்டுமே அவற்றைப் பார்க்க முடிந்தது; இறக்கிக்கொள்ளவோ அச்சிடவோ வழியில்லை. ஒரு பிள்ளையின் நான்காம் வாரக் குறிப்பையும் ஏழாம் வாரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுகூடப் பெரும்பாடு. எல்லாவற்றையும் படிக்க முடியாது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள்: இடையில் விலகிய 85 பேரின் படிவங்கள், தற்கொலை எண்ணம் இருந்ததாக வேறு ஆவணங்களில் தெரியவந்த 8 பேரின் படிவங்கள், ஆக 93. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. குறியீட்டு மாற்றத்தையும் எந்தக் குழு என்று தெரியாமலே செய்தார்கள்.

எஞ்சியவை 182 பேருடையவை. எல்லோரும் எட்டு வாரத்தை முடித்தவர்கள். அவர்களைப் பற்றிய எண்கள் இன்னும் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் பதிவான அளவுக்கு மட்டுமே தெரியும். கையெழுத்தில் இருந்து தரவுத்தளத்துக்கு ஏறாமல் போனது அங்கும் உண்டா என்பதை அந்தப் படிவங்களை வரிவரியாகப் படித்தால்தான் சொல்ல முடியும். ஆகவே பதினொன்று என்ற எண்ணை மேற்கோள் காட்டும்போது, அதைக் கீழ் எல்லையாகவே எழுத வேண்டும்.